வண்டியோடு வந்தவர்கள்

காலை எட்டு ஐம்பது.

“வண்டியைச் சோதிக்க ஓட்டுறவர் ஒருத்தர் போதுமே. எதுக்கு மொத்தக் குடும்பமும்?” என்றார் வாகன ஆய்வாளர்.

“பாசம் சார். சம்சாரம், மாமியார், மச்சான்” என்றான் டெய்லர்.

பழைய கார் இன்று தேறிவிட்டால், நாளை அவனும் மனைவியும் ஏரிக்குப் போகலாம். இரண்டே பேர். கல்யாணமாகி ஏழு மாதம்; மாமியாரும் மச்சானும் இல்லாமல் அவர்கள் தெருமுனையைக்கூடத் தாண்டியதில்லை.

ஆய்வாளர் பின்கதவுப் பக்கம் வந்தார். மாமியார் கதவை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, கொஞ்சம் இறங்குங்க.”

“முட்டி வலி, தம்பி. ஏறினா ஏறினதுதான். வீட்டுக்குப் போய்த்தான் இறங்குவேன்.”

“அதுக்கு ஏன் இப்படிப் பிடிச்சிருக்கீங்க? வண்டி நிக்குதே.”

“நின்னாலும் பயந்தான்.”

ஆய்வாளர் தலையைச் சொறிந்தபடி முன்னால் நகர்ந்தார். “ஹாரன் அடிங்க.”

டெய்லர் அழுத்தினான். பீப் என்றது. கொஞ்சம் தொண்டை கட்டிய பீப். பின்சீட்டில் மச்சான் ஒரு மிடறு தண்ணீர் குடித்தான்.

“வைப்பர்?”

டெய்லர் பொத்தானைத் தட்டினான். வைப்பர் இடமாகப் போயிற்று, வலமாக வந்தது. பக்கத்தில் மனைவி கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் வேகமா?”

பொத்தானைத் திருகினான். வைப்பர் பறந்தது. கைப்பையில் தேடலும் மும்முரமானது.

ஆய்வாளர் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை எடுத்தார். படிவத்தில் நெடுநேரம் எழுதினார். முத்திரை குத்தினார்.

“பாஸ்.”

டெய்லர் மனைவியைப் பார்த்தான். அவள் வெட்கத்தோடு சிரித்தாள். ஏரி, துடுப்புப் படகு, இரண்டே பேர்!

“நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும், சார்!”

“கடைசி வரியைப் படிச்சிட்டு வாழ்த்துங்க.”

டெய்லர் வாய்விட்டுப் படித்தான்: “கதவு கழன்று விழாமல் பிடிக்க மாமியார், ஹாரனுக்குப் பதில் கத்த மச்சான், நூல் கட்டி வைப்பரை இழுக்க மனைவி ஆகிய மூவரும் உள்ளே இருந்தால் மட்டுமே இந்தச் சான்றிதழ் செல்லும்.”

மாமியார் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

“அப்போ நாளைக்கு நாம ஏரிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும், மாப்பிள்ளை?”