மழைக்குப் பயந்த வாத்துகள்

வாத்துகளின் குளத்தைப் பிடிக்கக் கோழிகள் சதி செய்வதாக வதந்தி கிளம்பியது. உண்மையை அறிய ஒரு வாத்துத் தம்பதியைக் கோழி வேடத்தில் உளவு பார்க்க அனுப்பினார்கள்.

குப்பையைக் கிளறவும் கொக்கரிக்கவும் இருவரும் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். மழைதான் பெரும்பாடு. தூறல் விழுந்தாலே உடம்பு நனையத் துடிக்கும். ஆனால் கிழச்சேவல் ஒன்று சந்தேகத்தோடு எல்லோரையும் நோட்டம் விடும். அதனால் மனைவி, "ஐயோ, நனையுறீங்களே!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து கணவனின் தலைமேல் சிறகை விரிப்பாள். கூரைக்கடியில் ஒண்டி இருவரும் நடுங்குவார்கள்.

மூன்று மழைக்காலம் கழித்து அறிக்கை அனுப்பினார்கள்: "கோழிகளுக்குத் தண்ணீரே பிடிக்காது." உடனே திரும்பி வரச் சொல்லி உத்தரவு வந்தது.

வீடு வந்த அன்றே நல்ல மழை. "அப்பாடா!" என்று குளத்தில் இறங்கிய கணவன், கண்ணை மூடி முகத்தை வானத்துக்குக் காட்டினான். ஒரு துளிகூட விழவில்லை. கண்ணைத் திறந்தால், மேலே மனைவியின் சிறகு.

"இன்னும் எதுக்கு இந்த நடிப்பு? இங்கேதான் சேவல் பார்க்கலையே," என்று சிரித்தான்.

"அங்கேயும் பாதி நாள் அது தூங்கிக்கிட்டுதாங்க இருந்துச்சு," என்றாள் அவள்.