சொத்து ஒன்றுமில்லை

"ஐயா, வருமானத்த இவ்வளவு எண்டு காட்டியிருக்கிறீங்க. சொத்து எண்ட இடத்தில 'ஒண்டுமில்ல' எண்டு எழுதியிருக்கிறீங்க. இத ஆர் நம்புவாங்க?"

வரி உத்தியோகத்தர் ஜெயந்தன் படிவத்தைத் திருப்பிக் காட்டினான். நல்லரத்தினம் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தலையாட்டினார்.

"உள்ளதத்தான் எழுதினது, தம்பி. எனக்கெண்டு ஒண்டுமில்ல."

விசேஷங்களுக்கு ஆட்கள் உட்காரக் கதிரையும் நிழலுக்குக் கொட்டகையும் வாடகைக்குக் கொடுக்கிறவர் அவர். கல்லடியில் அவருடைய கதிரை போகாத கலியாண வீடு கிடையாது. நாட்டில் சண்டை முடிந்து ஒரு வருடம்தான் ஆகிறது. நல்ல காலம் வரட்டும் என்று தள்ளிப் போட்டிருந்த கலியாணங்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியதில் தொழில் பிய்த்துக்கொண்டு போனது. அந்தக் குஷியில்தானோ என்னவோ, ஒருவரும் கூப்பிடாமலே தானாக வரிக் கந்தோருக்குப் போய்க் கோப்புத் திறந்தார் மனிதர். ஊரே சிரித்தது.

மனைவி இரத்தினம்மா மட்டும் சிரிக்கவில்லை. தண்டம் கிண்டம் போட்டால், மகள் நிருஷாவின் கலியாணத்துக்குச் சேர்த்து வைத்ததெல்லாம் போய்விடும். இன்றைக்கு உத்தியோகத்தரே வீடு தேடி வந்துவிட்டார். அவள் குசினி வாசலில் நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அப்ப வெளியில அடுக்கிக் கிடக்கிற கதிரை?"

"அது தொழில் சாமான். அடுத்த பக்கத்தில எழுதிக் கிடக்கு. சுனாமிக்குப் பிறகு வாவிக்குள்ள மிதந்ததுகளப் பொறுக்கித்தான் திரும்பத் தொடங்கினன்."

"இந்த வீடு?"

"மகள்ட பேரில. திருப்பிக் கட்டக்குள்ளயே எழுதியாச்சு."

"பின்னால இருக்கிற வளவு?"

"அதுவும் மகள்ட."

"உன்னிச்சையில வயல் இருக்கெண்டு கேள்விப்பட்டன்."

"ஓம், அங்க பெரிய வட்டையில ரெண்டு ஏக்கர் கிடக்கு. அது மனிசிக்கு வந்த சீதனம். இப்ப மகளுக்கு."

"வாசல்ல நிக்கிற மோட்டார் சைக்கிள்?"

"ஓடுறது நான். பேர் மகள்ட."

ஜெயந்தன் எல்லாவற்றையும் எழுதி முடித்துப் பேனையை வைத்தான். "ஐயா, நானும் கரடியனாற்று ஆள்தான். நம்மட பக்கத்தில வீடு வளவு பொம்பிளப் பிள்ளைக்குத்தான் எண்டு எனக்குத் தெரியும். கலியாணம் முடிச்சா நானும் ஒரு பெட்டியத் தூக்கிக்கொண்டு பொண்டாட்டி வீட்டுக்குத்தான் போகணும். கொழும்பில இருக்கிறவங்களுக்கு இது விளங்காதே. வரிக்குப் பயந்து மகள்ட பேரில மறைச்சிட்டார் எண்டுதான் சொல்லுவாங்க."

"மறைக்கிறவன் தானா வந்து கோப்புத் திறப்பானா, தம்பி?"

அந்த நேரம் பார்த்து நிருஷா தேத்தண்ணி கொண்டு வந்தாள். கணக்கியல் படித்தவள். அப்பாவின் தொழில் கணக்கு முழுவதும் அவள் கையில்தான்.

"இந்தப் படிவத்த நிரப்பினது ஆர்?" என்று ஜெயந்தன் கேட்டான்.

"நான்தான்."

"சுயதொழில் செய்யிற ஆக்களுக்கு நாங்க வரி விளக்கக் கூட்டம் வைச்சமே, அதுக்கு நீங்க வந்தீங்கதானே?"

"கதிரை எங்கடதான். இறக்கிட்டு அப்படியே இருந்து கேட்டன்."

"மூண்டு கேள்வி கேட்டீங்க."

"நீங்க ரெண்டுக்குத்தான் பதில் சொன்னீங்க."

ஜெயந்தன் தேத்தண்ணியை ஊதினான். அது ஊதுகிற அளவுக்குச் சூடாகவே இல்லை.

"சரி, வீட்டு உறுதிப் பத்திரத்த ஒருக்காக் காட்டுங்க. அதப் பார்க்காம இத முடிக்க ஏலாது" என்றான், குரலைக் கொஞ்சம் கடுமையாக்கிக்கொண்டு.

நிருஷா உள்ளே போனாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. நெடுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தாள்.

"காணல்ல. தேடித்தான் எடுக்கணும்."

"சனிக்கிழமைக்குள்ள தேடி வைப்பம், தம்பி" என்றார் நல்லரத்தினம்.

"அப்ப சனிக்கிழமை வாறன்."

ஜெயந்தனின் மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையைத் தாண்டும் வரை பொறுத்திருந்து இரத்தினம்மா வெளியே வந்தாள்.

"இஞ்சேருங்க, உறுதி அலுமாரி மேல்தட்டில கிடக்கு. நேற்றும் கண்டன். ரெண்டு பேரும் ஏன் பொய் சொன்னீங்க? தண்டம் போட்டா என்ன செய்யிற?"

"போட்டாக் கட்டுவம். கலியாணத் தரகர்மாருக்கு இறைச்ச காச விடவா வரப் போகுது?" நல்லரத்தினம் சாய்ந்து உட்கார்ந்தார். "கூட்டம் முடிஞ்சு வந்து, அந்த உத்தியோகத்தரப் பிடிச்சிருக்கெண்டு உன்ட மகள்தான் சொன்னவ. கோப்புத் திறந்து 'சொத்து ஒண்டுமில்ல' எண்டு எழுதினா நேர்ல பார்க்க வருவார் எண்டு சொன்னதும் அவதான். இப்ப பார், சீதனம் முழுக்க மாப்பிள்ளை தன்ட கையாலயே எழுதிக்கொண்டு போறார்."

இரத்தினம்மா வாயைப் பிளந்தபடி மகளைப் பார்த்தாள். மகள் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டாள்.

அந்த நேரம் கல்லடிப் பாலத்தடியில், எதிரே வரும் வாகனங்களுக்கு வழிவிட்டு நின்ற ஜெயந்தன் கரடியனாற்றிலிருக்கும் தாயோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான்.

"ஓம் அம்மா, அந்த மூண்டு கேள்வி கேட்ட பிள்ளதான். சனிக்கிழமை நீங்களும் வாங்க. இல்லம்மா, வரி அலுவல் ஒண்டுமில்ல. அவட அப்பாட கோப்பு சரியெண்டு போன கிழமையே முடிச்சாச்சு, இண்டைக்கு நான் லீவு போட்டிட்டுத்தான் போனன்."