கதியால் போடாத இடம்

ஐயர் கதிரையில் ஏறி, முகட்டில் இருந்த புகை அலாரத்தின் பற்றரியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டார்.

கனடாவில், டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடி. கம்பளத்தின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு. அதன் மேல் அலுமினியத் தட்டில் மணல், விறகுக் குச்சி, கற்பூரம். இங்கே கிரியைகள் இப்படித்தான் நடக்கும்.

தில்லையம்பலத்தின் மூத்த மகன் காணாமல் போய்ப் பன்னிரண்டு வருடம். இவ்வளவு காலம் தகவல் இல்லாவிட்டால், தர்ப்பையில் ஓர் உருச் செய்து கிரியையை முடிக்கலாம் என்று ஐயர் சொன்னார். தகப்பன் சம்மதித்துவிட்டார்.

தவமணி சம்மதிக்கவில்லை. செய்துவிட்டால், பெற்றவளே பிள்ளையைச் செத்தவன் என்று சொன்னதாகிவிடும்.

தகப்பனுக்கு முழங்கால் மடங்காது. அதனால் இளையவன் பிரசாந் யூனியன்வில்லில் இருந்து வந்து, வேட்டியைக் கட்டிக்கொண்டு தாயின் முகத்தைப் பார்த்தபடி இருந்தான்.

"ஆள் எங்கை வைச்சுக் காணாமல் போனது?" என்று ஐயர் கேட்டார்.

"கிழக்கு பெர்லினோடை எல்லாம் பிழைச்சது, ஐயா," என்றார் தில்லையம்பலம். "அமெரிக்கனுக்கும் ரஷ்யனுக்கும் வேலிச் சண்டைதானே. அணுகுண்டை வைச்சுக்கொண்டு ஆளையாள் முறைச்சுக்கொண்டு நிண்டவங்கள். மேற்குப் பக்கத்தான் ரயிலாலை வாறவனை மறிக்கேல்லை. மறிச்சால் உது எல்லையெண்டு ஒத்துக்கொண்டதாப் போயிடுமாம். அவங்கள் வீம்புக்கு வேலிக் கதியால் போடாமல் விட்ட இடத்தாலைதான் எங்கடை சனம் பூந்தது."

ஐயர் சிரித்தார். "நானும் உந்த வேலிப் பொட்டாலை பூந்தவன்தான், அண்ணை."

தவமணி சிரிக்கவில்லை.

மூத்தவன் கிழக்கு பெர்லினில் போய் இறங்கியபோது இரண்டு பக்கத்தாரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். விசா இல்லாதவர்களை இனி விடுவதில்லை என்று. மேற்குப் பக்கத்து ஸ்டேசனில் தம்பி ஒவ்வொரு ரயிலாகப் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணனைத் திருப்பி விமானத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று, விசா இருந்த ஒருவர் வந்து சொன்னார். கொழும்பில் இறங்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை.

சில வருடங்களில் பெர்லின் சுவர் விழுந்தது. ரேடியோவில் அதைக் கேட்ட தவமணி, இனி அவனை விட்டுவிடுவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுவர்தான் மகனை மறித்து வைத்திருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

பெரியவர்களின் சண்டை அவனை உள்ளே விட்டிருக்கும், சமாதானம்தான் கதவைச் சாத்தியது என்று அவளுக்கு யார் சொல்வது, பிள்ளைகளே.

"தொடங்குவமோ, அம்மா?" என்றார் ஐயர்.

தவமணி எழும்பிக் குசினிக்குள் போனாள். அங்கேயே நின்றுவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எள்ளுக் கிண்ணத்தோடு வந்து, அதை ஐயரின் முன்னால் வைத்தாள்.

"மோசம் போனவரின்ரை பேரும் நட்சத்திரமும் சொல்லுங்கோ."

"பிரசாந். ரேவதி."

ஐயர் கையை உயர்த்தி மறித்தார். "தம்பியின்ரை பேரில்லை, அம்மா. மோசம் போனவரின்ரை."

"ஓம், ஐயா. அவன்தான் பிரசாந்."

ஆமிக்காரர் இளம் பொடியன்களை அள்ளிக்கொண்டு போன நாட்களில், மூத்தவன் தன் பாஸ்போட்டைத் தம்பியிடம் கொடுத்து, முதலில் நீ போ, நான் வேறொன்று எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று அனுப்பியிருந்தான். படத்தில் இருவருக்கும் ஒரே முகம். தம்பி அந்தப் பேரில் அகதியானான். அந்தப் பேரில் கனடாக்காரனானான். அந்தப் பேரில் தாலி கட்டினான். யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயத்தில், பெற்றவளும் அவனை அப்படித்தான் கூப்பிட்டுப் பழகியிருந்தாள்.

ஐயர் எள்ளுக் கிண்ணத்தை இளையவனின் பக்கம் தள்ளினார். பிறகு தர்ப்பை மோதிரத்தை நீட்டினார்.

அவன் அதை விரலில் போட்டுக்கொண்டு, தன் பேரைச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் இறைத்தான்.