வைக்கோல் காவல்

தொழுவத்தில் புது வைக்கோல் இறங்கிய அன்றுதான் அந்த நாயும் வந்து சேர்ந்தது. மறுநாள் பசுவுக்கும் ஆட்டுக்கும் உடம்பெல்லாம் தடிப்பு, தாங்க முடியாத அரிப்பு.

"எல்லாம் இவனாலதான். தெருவுல புரண்ட உடம்பு," என்றது ஆடு.

"எனக்கும்தான் அரிக்குது," என்றது நாய்.

"பாத்தியா, அவனே ஒத்துக்கிட்டான்," என்றது பசு. இரண்டும் சேர்ந்து நாயை முட்டி வெளியே தள்ளின.

வெறுந்தரையில் படுத்த நாய்க்குச் சில நாளில் அரிப்பு நின்றது. அது வாசலுக்கு வந்து, "கடிக்கிற பூச்சி வைக்கோல்லதான் இருக்கு. அதைத் தூக்கி வெளியே போடுங்க," என்றது.

ஆடு பசுவின் காதோடு சொன்னது: "இப்பப் புரியுதாக்கா? அவன் கண்ணு நம்ம வைக்கோல் மேல."

அன்று முதல் இரண்டும் அந்த வைக்கோல் மேலேயே படுத்து, சொறிந்துகொண்டே காவல் காக்கின்றன.