பால்கனி அறை

கள்ளக்குறிச்சியில் டிராவல்ஸ் நடத்தும் அய்யப்பனுக்கு எரிச்சலாக வந்தது. தேனிலவுக்குச் சொகுசுக் கப்பல் புக் பண்ண வந்த பெண், கேன்சலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அட்வான்ஸ் திரும்பி வருமா சார்?"

"வராதும்மா. ஆனா எங்கிட்ட போட்டா ஹனிமூன் கேக்கு ஃப்ரீ."

"கேக்கை வுடுங்க. ஆள் மாத்தலாமா?"

"ஒருத்தர் பேரை மட்டும், கெளம்புறதுக்குப் பத்து நாள் முன்ன வரைக்கும் மாத்தலாம்."

பால்கனி அறைப் படங்களில் மூழ்கியிருந்த மாப்பிள்ளை இளஞ்செழியன் சிரித்தான். "டிகிரி முடிச்சிட்டாளாம், சட்டம் பேசிக்கினு இருக்கா. சீக்கிரம் கையெழுத்துப் போடு பாரதி."

பாரதி கையெழுத்திட்டு, தன் சம்பளக் கார்டையே நீட்டினாள்.

அடுத்த வாரம் தனியாக வந்தாள்.

"கேன்சலா? அட்வான்ஸ் போச்சும்மா."

"கப்பலை இல்ல சார், கல்யாணத்தை. சீர் லிஸ்ட்ல நகை, பைக்கு, கப்பல்னு கேட்டாங்க, ஒத்துக்கினோம். நேத்து காரையும் சேத்துட்டாங்க."

"அப்ப டிக்கெட்டு?"

"இளஞ்செழியனை எடுத்துட்டு கமலான்னு போடுங்க. எங்கம்மா."

அய்யப்பன் பெயரை மாற்றினார். "ஹனிமூன் கேக்கை இன்னா பண்றது?"

"வரட்டும் சார். கரும்பு வெட்டி என்னைப் படிக்க வெச்சவங்க. கேக்கையும் அவங்களே வெட்டட்டும்."