ஏழு கல் மூக்குத்தி

கண்ணாடி மேசைமேல் விரித்த கறுப்பு வெல்வெட் துணியில் ஐந்து மூக்குத்திகள் மின்னுகின்றன. அவள் மூக்கு குத்தி ஒன்பது நாள்தான் ஆகிறது. இடது பக்கம் இன்னும் சிவந்திருக்கிறது, தும்மினால் உயிர் போகிறது. "புதுத் துளைக்குக் கல்லு வேணாம்மா, துணியில மாட்டி இழுக்கும். மெல்லிசுத் தண்டு, வெறும் பொட்டு, இதுதான் சரி" என்று கடைக்காரர் கடுகளவு மூக்குத்தி ஒன்றை நகர்த்துகிறார். அவளுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. 'உனக்கு மூக்குத்தி எடுப்பா இருக்கும்' என்று கணவர் சொன்ன ஒரே வார்த்தையில் உச்சி குளிர்ந்துபோய்த்தான் குத்திக்கொண்டாள். அவர் இப்போது சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கிறார். ஏழு கல் வைத்த மூக்குத்தி. கல்லிடுக்கெல்லாம் பழைய அழுக்கு. "வீட்ல சும்மாதானே கிடக்கு, இதையே போட்டுருங்க." அவளுக்கு அதைத் தெரியாமல் என்ன? கூடத்துப் படத்தில், இறந்துபோன முதல் மனைவியின் மூக்கில் இருப்பது. அந்தப் படத்தைத் தினமும் காலையில் துடைப்பவளே இவள்தான். கடைக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். "தண்டு ரொம்பத் தடிமன் சார். இவங்க துளையில போகாது." தலைக்கு மேல் குழல்விளக்கு இரைகிறது. அவள் கடுகளவு மூக்குத்தியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கணவரை நிமிர்ந்து பார்க்கிறாள். அவர் கண் அவள் மூக்கிலேயே நிற்கிறது. "போகலேன்னா என்ன?" என்கிறார். "துளையைக் கொஞ்சம் பெருசாக்கிடுங்க."