நாலு தினுசு அரிசி

"ஏட்டி நேசபாய், ஒரு வீட்டு உலையில நாலு தினுசு அரிசியா வேவுது?"

காணிக்கை அரிசி வாங்கும் எலிசா சுளகை உபதேசியார் ஜெபசீலன் முன்னால் நீட்டினாள். ஆராதனை முடிந்தும் ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை. இப்படியொரு காட்சியை விட்டுவிட்டுப் போக யாருக்குத்தான் மனசு வரும்?

சுளகில் நேசபாய் கொண்டுவந்த பிடியரிசி கிடந்தது. சோறு பொங்கும்போதெல்லாம் கர்த்தருக்கென்று ஒரு பிடி எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை சபைப் பெட்டியில் கொட்டுவது அந்த ஊர் வழக்கம். ஒரு வீட்டு அரிசி ஒரே மாதிரிதான் இருக்கும். நேசபாயின் அரிசியிலோ சம்பா, பச்சரிசி, பழுப்பேறிய புழுங்கல், நொய் எல்லாம் கலந்து கிடந்தன.

"இப்பிடிக் கலந்த அரிசி சபைப் பெட்டியிலதான் உண்டு," என்றாள் எலிசா. "கோயிலைத் தூத்து வாருதது இவ. சாவியும் இவ கையில. கர்த்தருக்க அரிசியை அள்ளித் தின்னுட்டு, அதுலயே ஒரு பிடியை அவருக்குக் காணிக்கை வைக்கா!"

கூட்டம் முணுமுணுத்தது. எலிசா சொன்னதைச் சந்தேகப்பட்டவர்களுக்கும் இப்போது சந்தேகம் தீர்ந்துவிட்டது.

ஜெபசீலன் கெட்ட மனிதர் இல்லை. "எங்கேருந்து வந்துதுன்னு ஒரு வார்த்தை சொல்லிரு பிள்ளே. நான் நம்புகேன்," என்றார்.

நேசபாய் இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

உபதேசியார் பதிவேட்டை விரித்தார். '1931 ஆகஸ்ட் 9. களவுக் குற்றத்துக்காக நேசபாய் சபைக்குப் புறம்பாக்கப்பட்டாள். இனி அவளுடைய காணிக்கை ஏற்கப்படாது.'

அவள் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் புருஷன் ரசலையன் பனையிலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து, ஐந்து மாதமாகப் படுக்கையில் கிடப்பவன். மனைவி தக்கலையில் நெல் குத்தப் போய்வருகிறாள் என்றுதான் அவனுக்குத் தெரியும்.

"நான் இப்பிடிக் கெடந்தும் நம்ம குடும்பம் ஒருத்தன் வாசல்ல போயி நிக்கல்லன்னு நெஞ்சை நிமித்திட்டுக் கெடந்தேன். நீ களவாண்டியா?"

"ஆமா," என்றாள் நேசபாய்.

அவன் அவளைச் சொல்லாத சொல் இல்லை. பிறகு அழுதான். அவள் ஊட்டிய கஞ்சியைக் குடித்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை பள்ளிக்கூட விஷயமாக மனு கொடுக்க உபதேசியார் தக்கலைக்கு நடந்தார். தாலுகா கச்சேரிக்குப் போகும் தெருவில், ஒரு பெரிய வீட்டின் பின்வாசலிலிருந்து பழகிய குரல் கேட்டது.

"அம்மா, ஒரு பிடி அரிசி தாங்கம்மா."

நேசபாய் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றிருந்தாள். வீட்டுக்காரி எட்ட நின்று ஒரு பிடியை விசிறிப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். முந்தானையில் ஏற்கெனவே வேறு வீடுகளின் அரிசியும் கிடந்தது. சம்பா ஒரு வீடு, பச்சரிசி ஒரு வீடு, நொய் ஒரு வீடு.

ஜெபசீலன் அருகே போனார். "நேசபாய்..."

அவள் பதறிப்போய் முந்தானையைச் சுருட்டினாள்.

"நெல்லு குத்தப் போறேன்னு சொன்னியே?"

"வேலை கேட்டுத்தான் வந்தேன் உவதேசியாரே. ஆரும் தரல்ல. அஞ்சு மாசம் ஒரு ஆளை எதை வச்சுக் காப்பாத்த?"

"அன்னைக்கே சொல்லியிருக்கப்பிடாதா? இப்பமே போயி ஊரறியச் சொல்லுகேன். பதிவேட்டுல எழுதினதை நானே வெட்டுகேன்."

"ஐயோ, வேண்டாம்!" அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "களவுன்னா என் பேருதான் போவும். பிச்சைச் சோறு தின்னோம்னு அறிஞ்சா அவிய உசிரை விட்டிருவாவ. ஒருத்தர் காதுலயும் போடப்பிடாது. சத்தியம் செய்யுங்க."

உபதேசியார் சத்தியம் செய்தார். வேறு என்ன செய்ய முடியும்? உண்மையைச் சொன்னால் ஒரு உயிர் போகும். சொல்லாவிட்டால் இவள் சாகும்வரை களவாணி. அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

பிறகு ஒன்று கேட்டார். "எரந்து வாங்கினதுல பிடியரிசி போடச் சொல்லி ஆரு அழுதா? அதைப் போடாம இருந்திருந்தா ஒருத்தருக்கும் சந்தேகம் வந்திருக்காதே."

நேசபாய் அடுத்த வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள். நின்று திரும்பினாள்.

"வாரம் முழுக்க ஒவ்வொரு வாசல்லயும் வாங்குத கை உவதேசியாரே இது. ஞாயித்துக்கெழம அந்த ஒரு பிடியைப் போடும்ப மட்டும்தான் நானும் ஒரு மனுசின்னு தோணும். இனி நீங்க வாங்க மாட்டியள்லா, நான் ஆருக்குக் குடுக்க?"